நாற்பதடி தூரத்தில் பாண்டிச்சேரி

நான் இருபத்தாறு வருடம் நோட்டரியாக இருந்தேன். அதில் ஏறத்தாழ இருபது நிமிடம் சட்டப்படி நான் யாருமே இல்லை. தோள்பையில் முத்திரையும் மைப்பெட்டியும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர் வீட்டில் காப்பி குடித்த ஓர் ஆள், அவ்வளவுதான்.

சான்றிதழ் கைக்கு வந்த முதல் மாதம் அது. கரியமாணிக்கத்தைத் தாண்டி ஒரு வீட்டில், நடக்க முடியாத பெரியவர் ஒருவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கப் போயிருந்தேன். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் என் கையெழுத்தைப் போட்டேன். அப்போது அதில் இப்போதைவிட இரண்டு சுழி அதிகம். முத்திரையை அழுத்தி, ஈரம் காய வாயால் ஊதினேன். எல்லாம் முடிந்து படியிறங்கும்போது, என் ஸ்கூட்டர் அன்று தகராறு செய்ததால், ஒரு முன்னெச்சரிக்கைக்காக வீட்டுக்காரரிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"எந்த பஸ்ஸு சார்? நம்ம கவர்மென்ட்டு பஸ்ஸா, பாண்டி பஸ்ஸா?"

அந்த "நம்ம" என்ற சொல்லில் பாண்டிச்சேரி இல்லை. அப்போதுதான் உறைத்தது. நான் உட்கார்ந்து காப்பி குடித்தது தமிழ்நாட்டில்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரி அரசு நியமித்த நோட்டரியின் முத்திரை புதுச்சேரி எல்லைக்குள்தான் முத்திரை. ஓரடி தாண்டினால் அது பித்தளை. இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் எங்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். யாரோ மைப்பேனாவை உதறியதுபோல் இருக்கும். வில்லியனூரிலிருந்து பாகூருக்குப் புறப்பட்டால் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி வரும். பெட்ரோல் விலைப் பலகையைப் பார்த்துத்தான் எந்த ராஜ்ஜியத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

நடந்ததை என் சீனியரிடம் போய்ச் சொன்னேன். பழைய நோட்டரி அவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதற்கான அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டிக் காசு வாங்கினியா?"

"வாங்கினேன் சார்."

"எந்த கவர்மென்ட்டு ரேட்டு?"

மறுநாள் என் பெட்ரோலில் அதே பெரியவரை, அவர் மகனுடைய காரில் ஏற்றி, எல்லைக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். பழைய பத்திரத்தைச் சீனியர் கேட்டு வாங்கித் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் அவரிடம் இருந்த வரை அது அங்கேயே இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் நோட்டரிகளின் வாட்ஸ்ஆப் குழு. முதுகுவலி காரணமாகச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். விலகியவனைக் குழுவிலிருந்து மட்டும் யாரும் விலக்கவில்லை. போன வாரம் புதிதாக நோட்டரியான ஒரு வக்கீல் கேட்டிருந்தார்: "சார், வீட்டுக்கு வரச்சொன்னா எவ்ளோ வாங்கறது? எப்ப வாங்கறது?" முதல் கேள்விக்கு இருபது பேர் பதில் போட்டார்கள். விதியிலேயே கிலோமீட்டர் கணக்கு இருக்கிறது, அதைப் பார்த்தால் போதும். இரண்டாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. கட்டைவிரலால் தட்டத் தொடங்கி, விரல் வலித்து, காகிதத்துக்கு வந்துவிட்டேன்.

சீனியரின் முறை இது. புறப்படும்போது ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும், வரவேற்க வந்தவர் காதில் விழும்படி மறுபடி எண்ணைச் சொல்வார். உள்ளே வாங்க என்பார்கள். போக மாட்டார். நின்றபடியே வண்டிக் காசை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். எனக்குப் பக்கத்தில் நிற்கக் கூச்சமாக இருக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் பந்திக்கு விடமாட்டேன் என்பதுபோல் இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"செருப்போட நின்னு வாங்கினா அது வந்ததுக்குக் காசு. உள்ள உக்காந்து பேப்பரைப் பாத்துட்டு வாங்கினா அது குத்தறதுக்குக் காசு. ரெண்டும் கலந்துட்டா, குத்தாம எழுந்து வர முடியாதுப்பா."

எனக்கு அது அப்போது புரியவில்லை. நான் படித்தவன், பண்புள்ளவன் என்று காட்டிக்கொள்ள, முதல் இரண்டு வருடம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது "பாத்து குடுங்க" என்றேன். பார்த்தார்கள். பெரும்பாலும் பார்த்ததோடு சரி.

தவிர, எங்கள் பக்கத்து மக்களுக்கு ஓர் அபாரமான நம்பிக்கை உண்டு: அவர்கள் வீடு எப்போதும் வழியில்தான் இருக்கிறது. "குருவிநத்தம்தான சார், வர்ற வழிதான" என்பார்கள். குருவிநத்தத்துக்கு அப்பால் ஆறுதான் இருக்கிறது. நான் ஆற்றுக்குப் போகிற வழியில் தங்களிடம் வருவதாக அவர்கள் நினைத்திருக்கலாம்.

வில்லியனூர்க் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடை முதலாளி. என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். ஆனால் அவர் இருந்தது ஊருக்கு வெளியே புது வீட்டில். செருப்போடு நின்று வாங்குகிற முறைக்கு அதற்குள் நான் திருந்தியிருந்தேன். கொடுத்தார். ஒரு பத்திரம் முடிந்தது. முத்திரையைப் பைக்குள் வைக்கும்போது மூன்று வெற்று முத்திரைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதுலயும் ஒண்ணொண்ணு குத்திட்டுப் போயிடுங்க."

"இதுல ஒண்ணுமே எழுதலையே?"

"பின்னால எழுதிக்கறேன் சார். ஒவ்வொரு வாட்டியும் கூப்ட்டா ஒவ்வொரு வாட்டியும் வண்டிக் காசு. வந்ததோட வந்துட்டீங்க, மொத்தமா முடிச்சிட்டா உங்களுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க."

அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. டஜன் விலைக்கு டம்ளர் விற்றுப் பழகிய மனம். நான் மறுத்ததும், மொத்த வியாபாரத்துக்குத் தகுதியில்லாத ஆள் என்று என்னைப் பார்த்து மனமார வருந்தினார்.

பாகூரில் ஒரு பெரியவர் என்னை "நொத்தேர்" என்றே கூப்பிடுவார். பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் என்றால் பத்திரத்தைத் தானே எழுதி, மூலத்தைத் தன் பெட்டகத்தில் வைத்துக் காக்கிறவர். அந்தப் பெரிய பெயருக்கு நான் ஆசைப்பட்டு, திருத்தாமல் இருந்துவிட்டேன். ஒருநாள் உயில் எழுதக் கூப்பிட்டார். போய் நின்று, எழுதுவது நானில்லை, வைத்துக் காப்பதும் நானில்லை, கையெழுத்து உங்களுடையதுதான் என்று மட்டும் நான் சொல்வேன் என்றேன். அவர் யோசித்தார். "வந்ததுக்குக் குடுத்துட்டேன். செய்யாததுக்கு இன்னா குடுக்கறது?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சரி, மடுகரை விஷயத்துக்கு வருகிறேன். சீனியர் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது அங்கேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். பெயர் பவித்ரா, நர்சிங் முடித்தவள். அரசாங்க வேலைக்குப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் பிரெஞ்சு வழக்கப்படி "சி"யில் ஆரம்பித்து, நடுவில் இரண்டு "எஸ்" போட்டு, ரயில் வண்டிபோல் நீளமாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அதே பெயர் "கே"யில் ஆரம்பித்துச் சிக்கனமாக முடிகிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அப்பாவே நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுத்தால்தான் ஏற்போம் என்று வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பா குப்புசாமி தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்துப் படுத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் ஒரே ஆள் இரண்டு ஆளாக இருப்பது சாதாரணம். என் வருமானத்தில் பாதி அந்த இரண்டு "எஸ்" கொடுத்ததுதான்.

"எந்த ஊரும்மா?"

"மடுகரை சார்."

"கரண்ட் பில்லு எங்க கட்டறீங்க?" பட்ட பிறகு நான் போனிலேயே கேட்கிற கேள்வி.

"பாண்டி கரண்ட்டுதான் சார். பத்திரம்லாம் டைப் பண்ணி ரெடியா இருக்குது. நீங்க வந்தா போதும்."

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர்க்கோடியில் ஒரு வீடு. முன்னால் இறக்கிய ஷீட்டுக்கு அடியில் இரும்புக் கட்டில், அதில் குப்புசாமி. எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஒயின் ஷாப், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் ஸ்கூட்டரின் எண்ணைச் சத்தமாகச் சொல்லி, வண்டிக் காசை வாங்கி, செருப்பைக் கழற்றக் குனிந்தேன். குனிந்தபடி, பழக்கதோஷத்தில், நாற்காலி போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"கரண்ட்டா?" என்றாள் அவள் பெருமையாக. "எங்களுக்கு நூறு யூனிட்டு ஃப்ரீ சார்."

இலவச நூறு யூனிட் தமிழ்நாட்டில்தான். பாதி கழற்றிய செருப்பில் மறுபடி கால் விட்டேன்.

விசாரித்தபோது விளங்கியது. அவள் அஞ்சலை, குப்புசாமியின் தங்கை. குப்புசாமியின் சொந்த வீடு ஊருக்குள்ளே, சந்தேகத்துக்கு இடமில்லாத பாண்டிச்சேரியில் இருக்கிறது. ஆனால் அங்கே கட்டில் போட இடம் இல்லை. தங்கை வீட்டில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு இங்கே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார்கள். பவித்ரா பொய் சொல்லவில்லை. அத்தை வீடு இன்னொரு மாநிலம் என்று எந்தப் பெண் நினைப்பாள்?

"இங்க வச்சி என்னால போட முடியாதும்மா" என்றேன்.

"ஏன் சார்?"

சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அத்த வூடு சார் இது. நான் தெனைக்கும் பத்து வாட்டி வந்து போறேன். உள்ள வச்சி குத்திடுங்க சார், யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"காசு வாங்கிட்டீங்களே சார்."

"அது வந்ததுக்கும்மா."

"வந்து இன்னா பண்ணீங்க?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காசை உட்கார்ந்து, பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கியிருந்தால், அந்தக் கண்களுக்கு எதிரே நான் குத்தியிருப்பேன். செருப்போடு நின்றதால் பிழைத்தேன். அவளுக்கு விளக்கினேன்: இன்றைக்குப் பார்க்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் கழித்து எவனாவது ஒருவன் மொட்டைக் கடுதாசி போடுவான். அப்போது தோண்டுகிற முதல் காகிதம் இதுதான். நோட்டரி எங்கே உட்கார்ந்து போட்டான் என்று கேட்டால் உன் வேலை போகும்.

தமிழ்நாட்டு நோட்டரி? ஞாயிறு மாலை, போனை எடுத்த இரண்டு பேரும் ஊரில் இல்லை. குப்புசாமியைச் சொந்த வீட்டுக்குத் தூக்கிப் போகலாமா? அரை கிலோமீட்டர், குண்டும் குழியும். டாக்டர் கட்டிலைவிட்டு இறக்கவே கூடாது என்றிருக்கிறார்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. அதுவரை அவர் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிலோட தூக்குங்கடா. பாண்டி எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லச் சொல்லு, அங்க வையி."

எவ்வளவு எளிய கேள்வி. பாண்டி எங்கே ஆரம்பிக்கிறது? அஞ்சலை சாலையோர வாய்க்கால் என்றாள். பவித்ரா சாலையின் நடு என்றாள். என் போனில் மேப்பைத் திறந்தேன். எல்லைக்கோடு அஞ்சலையின் துணி துவைக்கிற கல்லின்மேல் ஓடியது. பெரிதாக்கினேன், கோடு நகர்ந்து வாய்க்காலில் விழுந்தது. மின்கம்பத்தைப் பார்த்தால் கம்பி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெட்கமில்லாமல் போயிருந்தது. நான் இருபது வருடத்துக்கு மேல் சட்டம் படித்துக் கிழித்தவன். ஒரு சாலையின் இரண்டு ஓரங்களில் எது எந்த அரசாங்கம் என்று சொல்ல முடியவில்லை.

கூட்டத்தைப் பார்த்து ஒயின் ஷாப் சேல்ஸ்மேன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டான். சிரித்தான்.

"சார், ரோடு எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. எங்க ஷட்டர்லேந்து மூணடி வெளிய வரைக்கும் பாண்டி. எக்சைஸ்காரங்க டேப்பு புடிச்சி அளந்து பெயின்ட்டு அடிச்சிட்டுப் போயிருக்காங்க. அதுக்கு அந்தாண்ட பாட்டிலு வித்தா என் வேல போயிடும்."

நான் பாய்ந்து போய்ப் பார்த்தேன். ஷட்டருக்கு முன்னால் சிமென்ட் தரையில் மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு. அதைவிட உறுதியான எல்லைக்கோட்டை நான் எந்த ஆவணத்திலும் கண்டதில்லை. அரசாங்கம் எல்லையை எங்கே வேண்டுமானாலும் மறக்கும். கலால் வரி வருகிற இடத்தில் மறக்காது.

"தூக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நாலு பேர் வேண்டும். கடை வாசலில் நாற்பது பேர் இருந்தார்கள். நேராக நடக்கிற நாலு பேரைத்தான் தேட வேண்டியிருந்தது. சேல்ஸ்மேன், அவனுடைய லோடு ஆட்கள் இரண்டு பேர், நாலாவதாக ஒருவர் தானே முன்வந்தார். வேட்டி மடிப்பில் பாட்டில் தெரிந்தது. நான் தயங்கியதைப் பார்த்து எடுத்துக் காட்டினார்: "தோ பாருங்க சார், இன்னும் தொறக்கவே இல்ல."

அஞ்சலை அண்ணன் காலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பவித்ரா சாலையில் இறங்கி இரண்டு பக்கமும் கை நீட்டி வண்டிகளை நிறுத்தினாள். நான் தலையணை தூக்கினேன். கட்டில் கிளம்பியது.

"மெதுவா, மெதுவா. பள்ளம்."

"எண்ணே, வலிக்குதா?"

"பேசாம நடடி."

எதிர்ப்பக்கக் கூட்டம் வழிவிட்டது. நடுவில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "இன்னாபா, கட்டிலோடவே வந்துட்டாரு?"

"ரொம்ப அர்ஜென்ட்டு போல."

வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே இறக்கியபோது பாதிக் கட்டில் வெளியே நின்றது. மூன்றடிக்குள் ஆறடிக் கட்டில் எப்படி நிற்கும்? ஷட்டருக்கு இணையாகத் திருப்பிப் போடச் சொன்னேன். வியாபாரம் பத்து நிமிடம் நின்றது. நாற்பது பேரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை இந்தச் சமூகத்துக்குச் சாதகமாகப் பதிவு செய்கிறேன். நான் தலைமாட்டுப் பக்கம் ஷட்டரில் முதுகு ஒட்டி நின்றேன். ஆக, கையெழுத்துப் போடுகிறவரும் நோட்டரியும் பாண்டிச்சேரியில்.

இனி என் வேலை. முதலில் மற்றவர்களை எட்டப் போகச் சொல்லிவிட்டுப் பத்திரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேட்பது சீனியர் வழக்கம். சுயநினைவோடு இருக்கிறாரா, யாராவது மிரட்டுகிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

"இன்னைக்கு இன்னா கெழமைங்க?"

"ஞாயித்துக்கெழம. கறி எடுத்தாங்க. எனக்கு ரசம் குடுத்தாங்க."

நினைவும் இருந்தது, கட்டாயப்படுத்தப்பட்டதற்கான குறையும் இருந்தது. ஆனால் அது பத்திரத்தைப் பற்றியதல்ல. முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். "சி"யில் ஆரம்பிக்கிற ஆளும் "கே"யில் ஆரம்பிக்கிற ஆளும் நீங்கள்தானா? "நான்தான். ரெண்டு பேருக்கும் சேத்துதான் கால் ஒடஞ்சிது" என்றார். இவர்தான் குப்புசாமி என்று சாட்சியாக அடையாளம் காட்டியவன் சேல்ஸ்மேன்.

பேனாவைக் கொடுத்தேன். எழுதவில்லை. மல்லாந்து படுத்து மேல்நோக்கிப் பிடித்தால் பால்பாயின்ட் பேனாவில் மை இறங்காது. என்னிடமிருந்த மூன்று பேனாவும் வரிசையாகக் கைவிரித்தன. சேல்ஸ்மேன் ஒரு நொடி பார்த்தான். உள்ளே போய் நாலு பீர் பெட்டியோடு வந்தான். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டாக வைத்ததும் கட்டில் சாய்ந்து, குப்புசாமி ராஜாவைப்போல் எழுந்தார். மை இறங்கியது. பத்திரத்தில் ஒன்று, என் பதிவேட்டில் ஒன்று, நிதானமாகப் போட்டார். தமிழ்க் கையெழுத்து. அதில் "சி"யும் இல்லை, "கே"யும் இல்லை, "எஸ்" ஒன்றுகூட இல்லை.

பீர் பெட்டி ஒன்றின்மேல் பத்திரத்தை வைத்து முத்திரையை அழுத்தினேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக அது விழுந்ததில்லை. வட்டம் முழு வட்டம். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். மேஜையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன். கைதட்டு வாங்கியது அன்றைக்குத்தான். பவித்ரா பத்திரத்தைக் கையில் வாங்கியவள், மை காய்கிறவரை அதை மூச்சுக்கூட விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பத்து மணியிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு அடித்தது.

"ஓகே ஆயிடுச்சி சார்" என்றாள். பின்னால் பேருந்து இரைச்சல். "எந்த எடத்துல சைன் பண்ணாங்கன்னு கேட்டாங்க சார். மடுகரைன்னு சொன்னேன். நோட்டரி அங்கயே வந்தாரான்னாங்க. ஆமான்னேன். சரின்னு டிக் போட்டுட்டாங்க. ஆர்டர் ஒரு வாரத்துல வரும்."

நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். அந்த நாலு சொல் கேள்விக்கு அவள் தலை நிமிர்ந்து உண்மையைச் சொல்ல முடிந்தது என்று எனக்குள் ஒரு ஊர்வலமே நடந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று தவித்து, சாயங்காலம் நானே குப்புசாமிக்குப் போன் செய்தேன். வாழ்த்துச் சொன்னேன். எல்லைக்கோடு, கலால் அளவு, ஐந்து வருடம் கழித்து வரக்கூடிய மொட்டைக் கடுதாசி என்று எல்லாவற்றையும் விளக்கி, நேற்று நாம் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று ஒரு கால்மணி பேசினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. வூட்டு வாசல் வரைக்கும் வந்ததுக்கு நீங்க வண்டிக் காசு வாங்கிட்டீங்க. அங்கேந்து பாண்டிக்கு வந்தது நானு. எனக்கு எவ்ளோ சார்?"